பாதி அப்டேட்

அக்காவின் எம்பிராய்டரிக் கூடத்தில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது என்றால், அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததுதான் காரணம். மற்றபடி அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில், எந்தக் கட்டடத்துக்கு எந்த ஆளை அனுப்புவது என்று போனும் கையுமாகக் காலம் தள்ளுகிறவன். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால், நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தியே அரை நாளை ஓட்டிவிடுவான். ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அத்தான் அவனை 'விஞ்ஞானி' என்றே கூப்பிடுவார். அதில் கிண்டல் எவ்வளவு, பாராட்டு எவ்வளவு என்று அவன் பிரித்துப் பார்த்ததில்லை. மொத்தத்தையும் பாராட்டாகவே வரவு வைத்துக்கொண்டான்.

கூடத்துக் கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருந்த சமயத்தில், பழையதை வழித்துப்போட்டுவிட்டு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தது அவன்தான். அதிலும் சாதாரண லினக்ஸ் இல்லை. பதிப்பு என்று ஒன்று கிடையாமல், நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுசாகிக்கொண்டே இருக்கும் ரோலிங் வகை.

"அப்ப இது எப்பதான் முடியும்?" என்று கேட்டாள் அக்கா.

"முடியவே முடியாது. அதான் அதோட அழகே."

"துணி தைக்கிறவகிட்ட இப்படிச் சொன்னா பயமா இருக்கும்டா" என்றாள் அவள்.

கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனை, தையல் மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தர ஒரு சின்னச் செயலி வேண்டியிருந்தது. அது லினக்ஸின் அதிகாரபூர்வமான செயலிக் களஞ்சியத்தில் இல்லை. பயன்படுத்துகிறவர்களே எழுதி, ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் பொதுக் களஞ்சியத்தில் இருந்தது. அதற்கு எங்கிருந்து எதை எடுக்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு செய்முறைக் கோப்பும் உண்டு. நிறுவும்போது அந்தக் கோப்பைப் படிக்கிறாயா என்று திரையில் கேள்வி வரும். அவன் படிக்கவில்லை. என்டர், என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டே போனான். கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஏறியதை அக்கா பின்னால் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"இதை யாரு எழுதினது?"

"ஈரக்குடைன்னு ஒரு ஆளு."

"அப்படி ஒரு பேரா?"

"அது புனைபேரு. யாரோ ஒருத்தர்."

"யாரோ ஒருத்தர் எழுதினதை நம்பி என் மெஷினை ஓட்டணுமா?"

"உலகமே அப்படித்தான் ஓடுது, அக்கா."

ஓடத்தான் செய்தது. இரண்டு தலை கொண்ட அந்த மெஷின் தடதடவென்று பள்ளிக்கூட முத்திரைகளையும் ஓட்டல் துண்டுகளில் பெயர்களையும் தைத்துத் தள்ளியது. அக்கா டிசைனைப் பென் டிரைவில் எடுப்பாள், மெஷினில் செருகுவாள், துணியை வளையத்தில் இறுக்குவாள், பொத்தானை அமுக்குவாள். அந்த யாரோ ஒருத்தரைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

ஒரு மருத்துவமனையில் புதுப் பிரிவு திறக்கப்போகிறார்கள் என்று அக்காவுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. நர்சுகள் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டுகளில் அவரவர் பெயரும் பிரிவும் நீல நூலில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை காலைக்குள் கோட்டுகள் போய்ச் சேர வேண்டும். புதன்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"டேய், இந்தப் பேரெல்லாம் இன்னும் கொஞ்சம் அழகான எழுத்துல வந்தா நல்லா இருக்கும். ஏதாவது இருக்கா?"

"இரு. இங்கிருந்தே போட்டுத் தர்றேன்."

அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே, லேப்டாப்பிலிருந்து கூடத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தான். எழுத்து வடிவங்களுக்கான செயலி ஒன்று கண்ணில் பட்டது. முறைப்படி செய்வதென்றால் முதலில் கம்ப்யூட்டர் முழுவதையும் புதுப்பிக்க வேண்டும். பல வாரங்களாக அவன் அதைத் தொடவே இல்லை. இறங்க வேண்டியது எக்கச்சக்கமாகக் குவிந்து கிடந்தது. அக்கா வேலை செய்துகொண்டிருக்கிறாள், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் சலித்துக்கொள்வாள். சாம்பாரும் ஆறுகிறது. செயலிகளின் பட்டியலை மட்டும் புதுசாக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் இறக்கினான். அது வரும்போது, பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு லைப்ரரியின் புதுப் பதிப்பையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்தது. அவன் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு என்டர் தட்டினான்.

"ஆச்சு. பாத்துக்கோ."

"நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்" என்றாள் அக்கா.

சாயங்காலம் அவன் கூடத்துக்குப் போனபோது மெஷின் சத்தமே இல்லை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெயர் எழுதும் செயலி திறந்தது, எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் டிசைனை மெஷினுக்கு மாற்றித் தரும் செயலி திறக்கவில்லை. அழுத்தினால் ஒரு கணம் தலை காட்டிவிட்டு மறைந்துபோனது.

"நான்தான் கெடுத்துட்டேன் போல" என்றாள் அக்கா, அவன் எதுவும் கேட்பதற்கு முன்பே. "அவசரத்துல பென் டிரைவை அப்படியே புடுங்கிட்டேன். நீ எத்தனை தடவை சொல்லியிருக்க, கம்ப்யூட்டரைக் கேட்டுட்டு எடுன்னு. அதுக்கப்புறம்தான் இது வேலை செய்யல."

அவன் டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து பார்த்தான். ஒரு லைப்ரரியைக் காணோம் என்று எழுதியிருந்தது. பென் டிரைவைப் பிடுங்கினால் அதிலிருக்கிற கோப்பு கெடலாம். லைப்ரரி காணாமல் போகாது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் வேறு என்ன காரணம் என்று தெரியவில்லை. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானும் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"அதுவாகவும் இருக்கலாம்" என்றான்.

"அய்யோ."

"சரி விடு, அக்கா. எல்லாருக்கும் நடக்கறதுதான். இனிமே ஜாக்கிரதையா இரு. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."

அப்படிச் சொன்னபோது அவன் அவள் தோளைத் தட்டிக்கொடுக்கவும் செய்தான்.

மாற்றித் தரும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தான். கம்ப்யூட்டர், தான் முன்பே கட்டி வைத்திருந்த பழைய பொட்டலத்தையே எடுத்துத் திரும்பப் போட்டது. அதே பிழைதான் வந்தது. முக்கிமுனகிப் பார்த்தான். அத்தான் பின்னால் நின்று, "என்ன விஞ்ஞானி, முடியுமா முடியாதா?" என்று கேட்டார். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன பண்றது அத்தான்? இதைப் பாத்துக்கற ஆளு சரியில்ல" என்றான். அங்கேயே உட்கார்ந்து, அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து, ஈரக்குடைக்கு நாலு வரி எழுதிப் போட்டான். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் மருத்துவமனையின் ஸ்டோர்ஸ் மேனேஜர் அம்மாள் கூடத்துக்கு வந்துவிட்டார். அவன் அலுவலகம் போகிற வழியில் எட்டிப் பார்த்தபோது, அக்கா அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"தப்பு என்னோடதுதான் மேடம். கம்ப்யூட்டரைச் சரியா கையாளாம கெடுத்துட்டேன். தம்பி பாத்துட்டு இருக்கான். முடிஞ்ச வரைக்கும் கையால தைச்சுத் தர்றேன்."

"கையால எத்தனை முடியும்? நான் பாதியை வேற இடத்துல குடுத்துடறேன். தப்பா நினைக்காதீங்க."

"இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு."

மேனேஜர் அம்மாள் பாதிக் கோட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அவன் அவற்றை வண்டியில் ஏற்ற உதவினான்.

மத்தியானம் அலுவலகத்தில் ஈரக்குடையின் பதிலைப் பார்த்தான். 'உங்கள் அக்காவின் வேலை நின்றுபோனதற்கு வருந்துகிறேன். ஒரே ஒரு கேள்வி. சமீபத்தில் வேறு எதையாவது, மற்றதைப் புதுப்பிக்காமல் தனியாக நிறுவினீர்களா? அப்படிச் செய்தால் லைப்ரரி புதுசாகிவிடும், என்னுடையது பழைய லைப்ரரியைத் தேடிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்தின் உச்சியில் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். முழுவதும் புதுப்பித்துவிட்டு, என்னுடையதை முதலிலிருந்து கட்டிப் பாருங்கள். என்னிடம் அந்த மெஷின் இப்போது இல்லை. நான் தையலை விட்டு வெகு காலமாகிறது. சிலர் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் பார்த்துக்கொள்கிறேன். சரியாகவில்லை என்றால் எழுதுங்கள், மாலையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.'

பக்கத்தின் உச்சிக்குப் போனான். அந்தக் குறிப்பு அங்கேதான் இருந்தது, தடித்த எழுத்தில், கண் தெரியாதவனும் தடவிப் படித்துவிடும் அளவுக்கு.

அவன் காது இரண்டும் சுட்டன. பக்கத்து மேசைக்காரர், "என்ன, காய்ச்சலா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். நேற்றைய சாம்பார் வாசனை மூக்கில் ஏறியது. தான் எழுதியதைத் தானே இன்னொரு தடவை படிக்க முடியாமல், அவசரம் அவசரமாக அழித்தான். 'சரி, பார்க்கிறேன்' என்று மட்டும் எழுதினான். மன்னிப்பு என்ற வார்த்தையை அடித்துப் பார்த்தான். ஊர் பார்க்கும் இடத்தில் அது ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. எடுத்துவிட்டான்.

மூன்று மணிக்கே அனுமதி கேட்டுக் கிளம்பிப் போனான். முழுவதும் புதுப்பித்தான், அந்தச் செயலியை முதலிலிருந்து கட்டினான், கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டான். ஈரக்குடை சொன்ன சொல் தவறாமல் செயலி திறந்தது. மெஷின் தடதடத்தது. அக்கா கட்டைவிரலில் சுற்றியிருந்த பேண்டேஜோடு கைதட்டினாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் கையால் தைத்த கோட்டுகள் மேசையில் மடித்துக் கிடந்தன. ஒவ்வொரு பெயரும் அச்சடித்தாற்போல் இருந்தது.

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"கொஞ்சம் தோண்டிப் பாத்தேன்."

"நான் கெடுத்ததை நீ உக்காந்து சரி பண்ற. உன் வேலையையும் விட்டுட்டு."

அவள் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அவன் குடித்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. காபியோடு உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே தப்பித்தான். சனிக்கிழமை பொறுக்க முடியாமல் திறந்தான். ஈரக்குடை ஒரு வரி எழுதியிருந்தார்: 'இதை இன்றோடு விடுகிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை காலம் பயன்படுத்தியவர்களுக்கு நன்றி.' பராமரிப்பவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாருமில்லை என்று போட்டிருந்தது. கீழே ஒருவர், நீங்கள் இல்லாமல் எங்கள் கடை என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். இன்னொருவர், அவன் அழிப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த நாலு வரியையும் அப்படியே போட்டு, 'இதற்குப் பிறகு எந்த மனிதன் இந்த வேலையைச் சும்மா செய்வான்?' என்று எழுதியிருந்தார். அவனுடைய புனைபெயர் அதன் மேலேயே நின்றது. அதை அவனால் அழிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அக்கா குழம்புக் கரண்டியைக் குழம்பிலிருந்து எடுத்தபோது, "ஏய், கேட்டுட்டு எடு. அப்படியே புடுங்கினா குழம்பு நின்னுடப்போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அது முதல் தடவை கேட்கிற சிரிப்பாக இல்லை. புதன்கிழமையிலிருந்து இதே பேச்சுதான் என்று அவனுக்குப் புரிந்தது.

"என்ன மச்சான், உன் சிஷ்யை லட்சணத்தைப் பாத்தியா?"

அவன் பாதிச் சோற்றில் எழுந்தான். கை கழுவிவிட்டுக் கூடத்துக்குள் போனான். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் இடத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. 'கேட்காமல் எடுக்காதே' என்று அக்காவின் கையெழுத்து. தனக்குத் தானே எழுதிக்கொண்டிருக்கிறாள். அடியில் ஒரு கோடு வேறு போட்டிருந்தாள். அவனுக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். "ஏன் பாதியில எழுந்துட்ட? வயிறு சரியில்லையா?"

"அக்கா, பென் டிரைவால இல்ல."

"எது?"

"கம்ப்யூட்டர் நின்னது. அன்னைக்கு மத்தியானம் எழுத்து போட்டுத் தர்றேன்னு சொல்லி, முழுசா அப்டேட் பண்ணாம பாதி பண்ணிட்டேன். அதாலதான் நின்னுச்சு. நீ ஒண்ணும் பண்ணல."

அக்கா அவனைப் பார்த்தாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை மத்தியானம். ஆனா பென் டிரைவால ஆகாதுன்னு புதன்கிழமையே தெரியும்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று ஈரக்குடையைப் பற்றியும் சொன்னான். அந்த ஆள் விட்டுவிட்டுப் போனதையும் சொன்னான்.

"நீ என்ன எழுதின?"

"கோவத்துல என்னமோ எழுதிட்டேன்."

"என்னமோன்னா?"

"அழிச்சுட்டேன், அக்கா."

"அப்ப ஒண்ணும் இல்லையா இப்ப?"

பொய் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "இல்ல. இன்னொருத்தர் எடுத்துப் போட்டிருக்கார்" என்றான்.

"படி."

"வேணாம்."

"என் கடைக்காகத்தானே எழுதின. நான் கேக்க வேணாமா? வாய்விட்டுப் படி."

போனை எடுத்தான். திரை மங்கலாக இருந்தது, வெளிச்சத்தைக் கூட்டினான். படித்தான்.

"'பராமரிக்க வக்கில்லாதவன் எதற்காக இதைப் போட்டு வைத்திருக்கிறாய்? உன் சோம்பேறித்தனத்தால் ஏழைப் பெண்ணான என் அக்காவின் பிழைப்பு நாசமாகிவிட்டது. உன்னைப் போல அரைகுறைகள் விளையாட இது இடமில்லை. வெட்கமிருந்தால் இதை விட்டுவிட்டுப் போ.'"

உள்ளே அத்தான் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"ஏழைப் பெண்ணா?" என்றாள் அக்கா.

"சும்மா ஒரு வேகத்துக்கு..."

"அந்த ஆளு என்ன பதில் சொன்னாரு? அதையும் படி."

அதையும் படித்தான். 'மாலையில் உட்கார்ந்து பார்க்கிறேன்' என்ற இடத்தை வேகமாகத் தாண்டினான். முடித்தபோது அக்காவின் முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தான். அவள் கட்டைவிரலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தப்பு பண்ணது இருக்கட்டும்டா. தெரியாம பண்ணின. திட்டினது கூட இருக்கட்டும். என்னைத் தட்டிக்கொடுத்து, தப்பா எடுத்துக்கலன்னு மன்னிச்சியே. அதை எப்படிடா பண்ணின?"

அவனுக்குக் கண் கரித்தது. அழுதால் அவள் சமாதானம் செய்ய வேண்டி வரும், அதற்கும் தனக்கு யோக்கியதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"உங்க அத்தான்கிட்ட நீயே சொல்லு" என்றாள் அவள். "மேனேஜர் மேடத்துகிட்டயும் போய்ச் சொல்லு. அவங்க முன்னாடி நான் கையைக் கட்டிட்டு நின்னேன். நீ பாத்துட்டுத்தானே இருந்த."

அத்தானிடம் சொல்வது ஐந்து வார்த்தையில் முடிந்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்படியா" என்றார். விஞ்ஞானி என்ற வார்த்தை அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை. மற்ற நாளெல்லாம் கேட்ட கிண்டலைவிட அது அவனைக் குத்தியது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனான். ஸ்டோர்ஸ் அறை தரைத்தளத்தின் மூலையில், பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. மேனேஜர் அம்மாள் கையுறைப் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவன் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டு, ரோலிங் வகை, லைப்ரரி, பாதிப் புதுப்பிப்பு என்று ஆரம்பித்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது. அவர் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, எனக்கு இதெல்லாம் புரியாது. இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"அன்னைக்கு எங்கக்கா தன் தப்புன்னு சொன்னாங்க. அவங்க தப்பு இல்ல. என் தப்பு."

"இதைச் சொல்லவா லீவு போட்டுட்டு வந்தீங்க?"

"ஆமா மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஒரு தடவை பார்த்தார். "கையால தைச்ச கோட்டுதான் வேணும்னு எங்க நர்சுங்க சண்டை போடறாங்க. உங்கக்காகிட்ட சொல்லுங்க" என்றார். பிறகு பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் போவதா நிற்பதா என்று தெரியாமல், கொஞ்ச நேரம் கதவருகே நின்றுவிட்டு வந்தான்.

ஈரக்குடைக்கு ஊர் பார்க்கும் இடத்திலேயே எழுதினான். எழுதியது தான்தான், பிழை தன்னுடையது, நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்பதே பதில், மன்னிக்க வேண்டும் என்று. திரும்பி வாருங்கள் என்றும் கேட்டான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'எழுதியதற்கு நன்றி. படித்தபோது வலித்தது உண்மை. கோபத்தில் போகவில்லை; போகலாம் என்று பல நாளாக இருந்தது, அன்றைக்குக் கால் நகர்ந்துவிட்டது. மாலை நேரங்கள் இப்போது எனக்குக் கிடைத்திருக்கின்றன. திரும்பி வருவதாக இல்லை. உங்கள் அக்காவுக்கு வேண்டியிருக்குமே, நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாதா?'

அன்றே பராமரிப்பாளர் இடத்தில் அவன் தன் புனைபெயரைப் பதிந்தான். அந்த நாலு வரிக்கு மேல் நிற்கிற அதே பெயர். புதிதாக வருகிற எவனும் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பான். பிறகு முதல் தடவையாக அந்தச் செய்முறைக் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தான். சின்னக் கோப்புதான். பாதி புரிந்தது. புரியாத ஒவ்வொரு வரிக்கு மேலும் ஈரக்குடை ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தார், தனக்குப் பின்னால் யாரோ வருவார்கள் என்று நினைத்தாற்போல.

அந்த வாரம் முழுக்க அக்கா போன் செய்யவில்லை. சனிக்கிழமை அவனாகவே போனான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"மேடத்தைப் பாத்தேன்" என்றான்.

"போன் பண்ணாங்க" என்றாள் அவள்.

அவனுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் போகக் கால் வரவில்லை. அக்கா, தைத்து முடித்த துண்டுகளின் குவியலை அவன் பக்கம் தள்ளி, மேலே ஒரு சின்னக் கத்தரியை வைத்தாள்.

"பின்பக்கம் தொங்கற நூலையெல்லாம் வெட்டு. துணியை வெட்டிடாத."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதல் துண்டைத் திருப்பினான்.